‘ஒரு செட் மாத்திரை’: கல்லீரல் நோயாளிகள் மருந்தில் செய்யும் தவறுகள்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ மெடிக்கலில் நின்று, “உடம்புவலி, ஒரு செட் மாத்திரை குடுங்க” என்றால் நாலைந்து மாத்திரைகளை வெட்டி, காகிதத்தில் மடித்துத் தந்துவிடுவார்கள். எது எதற்கு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ் உள்ளவர்கள் முதலில் விடவேண்டியது இந்தப் பொட்டலத்தைத்தான்.

அதில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் என்று ஏதாவது ஒரு வலி மாத்திரை இருக்க வாய்ப்பு அதிகம். நம்மவர்களின் பயமோ தலைகீழாக இருக்கிறது. ‘பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும்’ என்று அதை ஒதுக்கிவிட்டு, படி ஏறி இறங்கி முட்டி நோகும் ஆச்சிக்கு டைக்ளோஃபினாக் வாங்கித் தருகிறார்கள். ஈரல் சுருங்கியவருக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைவு. புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்புதான் அந்த ரத்தக்குழாய்களை ஓரளவு விரித்து வைத்திருக்கிறது. வலி மாத்திரை அந்தச் சுரப்பையே அடக்குகிறது. விளைவு: சிறுநீர் குறையும், வயிற்றில் நீர் ஏறும், அதை வடிக்கக் கொடுக்கும் நீர் மாத்திரை வேலை செய்யாது. உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருந்தாலோ வயிற்றில் புண் இருந்தாலோ ரத்த வாந்தி வரை போகலாம். ஊசியாகப் போட்டாலும் கதை இதேதான்.

பாராசிட்டமாலை அளவோடு போடலாம். சிரோசிஸ் உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 2 கிராம்தான் எல்லை: 500 மி.கி. என்றால் நான்கு, 650 மி.கி. என்றால் மூன்று, ஆறு மணி நேர இடைவெளியில். குடிப்பழக்கம் உள்ளவர், உடல் வற்றியவர், சரியாகச் சாப்பிடாதவர் இந்த அளவையும் மருத்துவரைக் கேட்டே போடவேண்டும். கணக்குத் தப்புவது எங்கே என்றால், சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் வழக்கமான தவறு.

வயிற்று நீருக்கு ஸ்பைரனோலாக்டோன், ஃபுரோசமைடு சாப்பிடுகிறவர் கூடவே உப்புக்கண்டமும் மோர்மிளகாயும் தொட்டுக்கொண்டால் மாத்திரைக்கு வேலை இல்லை. எல்லாம் சேர்த்து நாளுக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. இந்துப்பும் உப்புதான், அதற்குச் சலுகை கிடையாது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். ஸ்பைரனோலாக்டோனும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து எழுதிவையுங்கள். கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளுக்கு அரைக் கிலோ, வீக்கம் உள்ளவருக்கு ஒரு கிலோ, அதற்குமேல் இறங்கக்கூடாது. வாந்தி பேதி கண்டால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு நீர் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

தூக்க மாத்திரை விஷயத்தில் வீட்டார் ஏமாந்துபோவதுண்டு. ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குவது, ஈரல் கோளாறு மூளையைத் தொடுவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். வரவு செலவை அழகாக எழுதிவந்தவரின் கையெழுத்து கோணுவதும், கேட்டதையே திரும்பக் கேட்பதும் அப்படித்தான். இந்த நிலையில் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையோ, கோடீன் கலந்த இருமல் மருந்தோ கொடுத்தால் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். தேவைப்படுவது பெரும்பாலும் லாக்டுலோஸ். அதையும் ‘மலச்சிக்கல் மருந்துதானே’ என்று ஒருநாள் வெளிக்குப் போனதும் நிறுத்திவிடுகிறார்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகும்படி அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். நீராய்ப் போகவிட்டால் உடல் வறண்டு குழப்பம் கூடும்.

கீழாநெல்லி சிரோசிஸைக் குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதித்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். பேர் தெரியாத மூட்டுவலிப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் தொற்று உள்ளவருக்கு, அடங்கிக் கிடக்கும் கிருமியை ஸ்டீராய்டு எழுப்பிவிடலாம்.

எதிர்த் திசைத் தவறும் உண்டு: ஈரல் பாதிப்பு என்றதும் எல்லா மாத்திரையையும் தானே நிறுத்துவது. கொழுப்புக்கான ஸ்டாட்டினைக் கொழுப்பு ஈரல் உள்ளவர் பெரும்பாலும் தொடரலாம். டெல்மிசார்ட்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை மட்டும், வயிற்றில் நீர் கோத்தபின் பெரும்பாலும் மாற்றவேண்டி வரும். அதையும் மருத்துவர் முடிவு செய்யட்டும். புரோப்ரனலால், கார்வெடிலால் உணவுக்குழாய் ரத்தக்கசிவைத் தடுப்பவை. திடீரென்று விட்டால் ஆபத்து. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90-க்குக் கீழே போனால் உடனே கேளுங்கள். ஹெபடைடிஸ் பி-க்கான டெனோஃபோவிர், என்டெகாவிர் விட்டுப்போனாலும் நோய் சீறி எழும். பிள்ளைகளைப் பார்க்க மலேசியா, சிங்கப்பூர் போகிறவர்கள் தங்கும் நாளுக்குமேல் இரண்டு வார மாத்திரையைக் கூடுதலாக, மருந்துச் சீட்டோடு, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.