பக்கத்து வீட்டுக்கு வளர்ப்புப் பிள்ளை வந்தால் நாம் செய்யும் தவறுகள்

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு சிறுமி வந்தாள். அவள் பெயரையும் எங்கள் ஊரையும் சொல்லப்போவதில்லை; ஏன் என்பது கொஞ்சம் கீழே வரும். வந்த முதல் வாரம் தெருவே பாசத்தைக் கொட்டியது. ஒருவர் பிஸ்கட் வாங்கி வந்தார், ஒருவர் தன் மகளின் பழைய சைக்கிளைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மாதமே தீபாவளி. நான் அவளுக்குப் பட்டுப்பாவாடை எடுத்தேன். அந்த வீட்டில் பிறந்த பையனுக்கு ஒன்றும் எடுக்கவில்லை, அவனுக்குத்தான் அப்பா அம்மா இருக்கிறார்களே என்ற நினைப்பு. அவள் அந்தப் பாவாடையைக் கட்டவே இல்லை. "நான் மட்டும் புதுசு போட்டா அண்ணனுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடும்" என்றாளாம். அந்த வீட்டு அக்கா பிறகு சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து அவளுக்குக் கடுமையான காய்ச்சல். அக்காவின் கணவர் வெளியூரில் இருந்தார். ராத்திரி பத்து மணிக்கு மேல் அக்கா தன் பையனை யாரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று தெரியாமல் வாசலில் நின்றார். பிஸ்கட் கொடுத்த நாங்கள் எல்லோரும் கதவைச் சாத்தித் தூங்கிக்கொண்டிருந்தோம்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு அக்கம்பக்கமும் சொந்தபந்தமும் எப்படித் துணை நிற்பது என்பதை நான் தப்புத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

முதல் தவறு சொல்லிலேயே தொடங்குகிறது. தத்தெடுத்த குழந்தையையும் நாம் 'வளர்ப்புப் பிள்ளை' என்றுதான் சொல்கிறோம். ஆனால் வளர்ப்புப் பராமரிப்பு வேறு, தத்து வேறு. தத்தெடுத்தால் குழந்தை சட்டப்படி அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடும். வளர்ப்புப் பராமரிப்பு அப்படியல்ல. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44ஆவது பிரிவு, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு ஒரு குழந்தையை ஒரு குடும்பத்தில் கொஞ்ச காலம் தங்கி வளர வைக்கிறது. பெற்றவர்கள் வந்து பார்க்கலாம், அது குழந்தைக்கு நல்லதல்ல என்று குழு நினைத்தால் ஒழிய. பெற்றவர்களால் மறுபடி பார்த்துக்கொள்ள முடியும் என்று குழு முடிவு செய்தால் குழந்தை வீடு திரும்பலாம். இது தெரியாமல் நாம் குழந்தையிடம், "இனி இவங்கதான் உன் அம்மா, பழசையெல்லாம் மறந்துடு" என்கிறோம். பெற்ற அம்மா வந்துவிட்டுப் போன சாயங்காலம் இதைக் கேட்கும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? இரண்டு பக்கமும் பாசம் வைக்க அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. பெற்றவர்களைப் பற்றி, "குடிகார அப்பன்", "விட்டுட்டு ஓடினவ" என்று அதன் காதில் விழப் பேசவே கூடாது. அவர்களைத் திட்டினால் தன்னையே திட்டுவதாகத்தான் குழந்தை எடுத்துக்கொள்ளும்.

இதோடு சேர்ந்தது இனிஷியல். நம் ஊரில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் பெயருக்கு அடுத்து கேட்பது அதைத்தான். வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்குத் தன் பழைய இனிஷியலே இருக்கும். "உங்க அப்பா பேரு சண்முகம்தானே, நீ ஏன் கே போடுற?" என்று டியூஷனில் ஒரு பெரியவர் சும்மாதான் கேட்பார். கேட்டவர் அடுத்த நிமிடம் மறந்துவிடுவார், பதில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. ஆசிரியர்கள் இதில் கூடுதலாகக் கவனம் வைத்தால் பெரிய உதவி. 'என் குடும்பம்' என்று படம் ஒட்டிவரச் சொல்லும்போது, "உன்னோடு இருப்பவர்கள், உனக்குப் பிடித்தவர்கள் யாரை வேண்டுமானாலும் ஒட்டலாம்" என்று வகுப்புக்கே பொதுவாகச் சொல்லிவிட்டால் போதும். தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு மட்டும் பரவாயில்லை" என்றால் அது இன்னொரு காயம்.

சரி, பெயரை ஏன் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன். பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 74ஆவது பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகைக்கும் டிவிக்கும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். பிற தகவல் தொடர்பு வழிகளையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போட்டுவிட்டு, இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். நல்ல மனசோடுதான் போடுகிறோம். ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் பெண்ணுக்கு நாளைக்கு இருபத்தைந்து வயதாகும், வேலைக்குப் போவாள், கல்யாணம் பேசுவார்கள். தன் கதையை யாரிடம், எப்போது சொல்வது என்பது அவள் முடிவாக இருக்க வேண்டும். படத்தைவிட ஆபத்தானது வாய். "அந்தப் பொண்ணு கேஸ் தெரியுமா?" என்று காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் தொடங்கும் பேச்சு சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விடும். வளர்ப்பவர்களிடமும் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவர்கள் சொல்ல மறுப்பது உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல.

பணம் பற்றிய பேச்சும் அப்படித்தான். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதல்படி வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை. "காசு வருதுல்ல, அதான் வச்சிருக்காங்க" என்று சொல்பவர்கள் பள்ளிக்கூட வேன், செருப்பு, மருந்து, பால் எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டிப் பார்க்கட்டும். இன்னொரு பக்கம், "நீங்க தெய்வம்" என்று கையெடுத்துக் கும்பிடுவதும் உதவாது. தெய்வமாக்கிவிட்டால் அந்த அக்கா, "இன்னைக்கு என்னால முடியல" என்று யாரிடம் சொல்வார்? பிள்ளையிடம், "நீ கொடுத்து வச்சவ, நன்றியோட இருக்கணும்" என்று சொல்வது அதைவிட மோசம். சொந்த வீட்டில் வளரும் எந்தப் பிள்ளையிடமும் நாம் சோற்றுக்கு நன்றி கேட்பதில்லை.

திருமணமாகாத பெண்ணோ கணவரை இழந்தவரோ பிள்ளையை எடுத்து வளர்த்தால் ஏதோ முறைகேடு போலப் பேசுவதும் உண்டு. 2024இல் வந்த புதிய வழிகாட்டுதல்படி, தனியாக வாழ்பவர்களும் 35 முதல் 60 வயதுக்குள் இருந்தால் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம். வீட்டுக்கே வந்து விசாரித்த பிறகுதான் பிள்ளையை அனுப்புகிறார்கள்.

அப்புறம், நாம் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாத ஒரு கூட்டம் இருக்கிறது: பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகள், அக்கா மகனை வளர்க்கும் சித்திகள். "சொந்தம்தானே பார்த்துக்குவாங்க" என்று விட்டுவிடுகிறோம். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு பேரப்பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பாட்டிக்கு நாம் வாங்கித் தரும் இனிப்பைவிட, ஒரு நாள் லீவு போட்டுக் கூடவே மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய் மனு எழுதிக் கொடுப்பது பெரிது. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருந்தால் மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதிலும் மாதம் 4,000 ரூபாய். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில், இரண்டு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் கவனிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். இறப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் என்று கையில் ஒரு பையோடு அலையும் பாட்டிக்குப் படிவத்தை வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

ஆனால் சொந்தம் என்ற பெயரில் நடக்கும் எல்லாமும் பராமரிப்பு ஆகாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணை, "கூடமாட ஒத்தாசைக்கு" என்று கூட்டிவந்து, பள்ளிக்கு அனுப்பாமல் பாத்திரம் தேய்க்கவும் கைக்குழந்தை பார்க்கவும் வைத்திருந்தால், அது அவர்கள் குடும்ப விஷயம் என்று ஒதுங்குவது தவறு. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள், இலவசம். யாருமில்லாமல் நிற்கும் பிள்ளையைப் பார்த்தாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். பரிதாபப்பட்டு நாமே வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வது உதவி அல்ல.

இதே பரிதாபம்தான் குழந்தை விற்பவர்களுக்கு முதலீடு. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, "அப்பா அம்மா இல்லை, தத்தெடுக்க அழையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றின. சட்டத்துக்குப் புறம்பான தத்துகளைத் தடுக்கும்படி உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை பற்றிய ஒலிப்பதிவு வெளிவந்து வழக்கானது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட செய்தி வந்தால் அடுத்த குரூப்புக்குத் தள்ளாமல், 1098க்குச் சொல்லுங்கள்.

வாசலில் நின்ற அந்த ராத்திரிக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வருவது என் வேலை. குழு முன்னால் ஆஜராக வேண்டிய நாளில் எதிர்வீட்டு மாமி சமைத்துக் கொடுத்துவிடுவார். எதுவானாலும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். இதை நாங்களாக முடிவு செய்யவில்லை. "என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால், "ஒண்ணும் வேண்டாம்" என்பார் அக்கா. "செவ்வாய்க்கிழமை நான் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டபோது உடனே தலையாட்டினார்.

போன மாதம் அவள் தன் அம்மாவோடு கிளம்பிப் போனாள். அம்மாவுக்கு உடம்பு தேறி, ஒரு வேலையும் அமைந்திருந்தது. நல்ல செய்திதான், ஆனாலும் வீடு வெறிச்சோடியது. அன்றைக்கே ஒருவர், "என்ன இருந்தாலும் சொந்த ரத்தமில்லையே, மனசைத் தேத்திக்கோங்க" என்றார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தப் பையன் இரண்டு நாள் விளையாட வரவில்லை. அவனிடம் என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் என் மகன் பந்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசல்படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இருட்டும்வரை இரண்டு பேரும் விளையாடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.