ஒன்ராறியோ ஆரம்பப் பள்ளி: புள்ளி, பிந்திய வேலை, இரண்டாவது வாய்ப்பு

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து இரண்டு மாதம் ஆகிறது. தவணைப் பரீட்சை என்று ஒன்று வந்தபாடில்லை. கொப்பியைப் புரட்டினால் நூற்றுக்கு இத்தனை என்று எங்கும் இல்லை. ஓரத்தில் ஆசிரியர் எழுதிய இரண்டு வரி, ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்டால் ஆசிரியர் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுகிறார். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் புதிதாக வரும் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் வருடம் வரும் குழப்பம் இது. இங்கே படிப்பிக்கிறார்களா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும்.

படிப்பிக்கிறார்கள், அளந்தும் பார்க்கிறார்கள். எப்படி அளப்பது என்பதை மாகாணக் கல்வி அமைச்சு 2010இல் வெளியிட்ட ‘குரோயிங் சக்சஸ்’ என்ற கொள்கை ஆவணம் சொல்கிறது. அரசு பணம் கொடுத்து நடத்தும் பொதுப் பள்ளி, கத்தோலிக்கப் பள்ளி எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. முழுவதையும் நீங்கள் படிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: பிள்ளைக்குப் பாடம் எவ்வளவு விளங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு, பிள்ளை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இன்னொரு கணக்கு. முடிந்தவரை இரண்டையும் கலக்கக்கூடாது என்பது விதி. பிந்திக் கொடுத்த புரொஜெக்ட்டுக்கு ஏன் பூச்சியம் விழவில்லை என்பதும் இதிலிருந்துதான் விளங்கும்.

வீட்டுக்கு வரும் மூன்று அறிக்கைகள்

முதலாவது, ஒக்டோபர் கடைசிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் வரும் முன்னேற்ற அறிக்கை. அதில் புள்ளியே இருக்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் மிக நன்றாகப் போகிறது, நன்றாகப் போகிறது, சிரமப்படுகிறது என்ற மூன்றில் ஒன்றுக்கு அடையாளம் போட்டிருப்பார்கள். மூன்றாவது கட்டத்தில் அடையாளம் இருந்தால் ஜனவரிவரை காத்திருக்காமல் உடனே ஆசிரியரோடு பேசுங்கள். அடுத்தது ஜனவரி, பெப்ரவரி வாக்கில் வரும் முதலாம் தவணை ரிப்போர்ட் கார்ட். கடைசியானது ஜூன் மாதக் கடைசியில்.

கிரேட் 1 முதல் 6 வரை புள்ளியை ஏ, பி என்று எழுத்தில் தருவார்கள். கிரேட் 7, 8இல் சதவீதம். எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு நிலைகள் இருக்கின்றன. லெவல் 3 என்பது மாகாணம் எதிர்பார்க்கும் தரம். பி மைனஸ், பி, பி பிளஸ் மூன்றும் அதற்குள் அடங்கும், சதவீதத்தில் 70 முதல் 79 வரை. லெவல் 4 என்றால் ஏ வரிசை, 80 முதல் 100 வரை. சி என்றால் லெவல் 2, டி என்றால் லெவல் 1. ஆர் (R) என்று வந்தால் பிள்ளை இன்னும் அந்த மட்டத்துக்கு வரவில்லை, மேலதிக உதவி வேண்டும் என்று அர்த்தம். அப்போது பள்ளி உங்களோடு பேச வேண்டும். அவர்கள் பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள்.

பி வந்த பிள்ளையை ஏசாதீர்கள். தொண்ணூறுக்குக் குறைந்தால் முகம் சுருங்கும் பழக்கம் நம்மோடு விமானமேறி வந்ததுதான், தெரியும். ஆனால் அந்த வகுப்பில் படிக்க வேண்டியதைப் படித்து, அடுத்த வகுப்புக்குத் தயாராக இருக்கும் பிள்ளைக்கு இங்கே தருவது பி. ஏ எடுத்த பிள்ளை அடுத்த வகுப்புப் பாடத்தை இப்போதே முடித்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். அது தன் வகுப்புப் பாடத்தையே இன்னும் ஆழமாகச் செய்து காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நம்மவர்கள் புரட்டிவிட்டுப் போகும் பகுதி

எழுத்துகளைத் தேடி ஓடும் அவசரத்தில் பலர் கவனிக்காமல் விடுவது ‘லேர்னிங் ஸ்கில்ஸ்’ பகுதியை. பொறுப்பு, ஒழுங்கு, தனியாக வேலை செய்தல், மற்றவர்களோடு சேர்ந்து செய்தல், தானாக முன்வருதல், தன்னைத்தானே கட்டுப்படுத்தல் என்று ஆறு விடயங்கள். ஈ (E) என்றால் மிகச் சிறப்பு, ஜி (G) நல்லது, எஸ் (S) பரவாயில்லை, என் (N) என்றால் திருந்த இடமிருக்கிறது. ரிப்போர்ட் கார்டில் மிக நேர்மையான பகுதி இதுதான் என்பது என் அபிப்பிராயம். கணிதத்தில் ஏ, பொறுப்பில் ‘என்’ என்று ஒரு பிள்ளைக்கு வந்தால், விளங்கிக்கொள்ளும் மூளை இருக்கிறது, வேலையை முடித்துக் கொடுக்கும் பழக்கம் இல்லை என்று ஆசிரியர் சொல்கிறார். ஐந்தாறு வருடம் கழித்து உயர்நிலைப் பள்ளியில் அந்த ‘என்’ வந்து ஏ-யைப் பதம் பார்க்கும்.

ஹோம்வேர்க்கும் இங்கேதான் சேர்கிறது. பாடத்தைப் பழகுவதற்காகக் கொடுக்கும் அன்றாட ஹோம்வேர்க்கைப் பாடப் புள்ளியில் சேர்க்கக்கூடாது. செய்கிறதா, நேரத்துக்குக் கொடுக்கிறதா என்பது பொறுப்பு என்ற கட்டத்தில் பதிவாகும். ‘எத்தனை தரம் பிந்தி வந்தது’ என்று ஒரு எண்ணிக்கையும் ரிப்போர்ட் கார்டில் இருக்கும். அது காலையில் மணி அடித்த பிறகு பள்ளிக்கு வந்த கணக்கு, வேலையைப் பிந்திக் கொடுத்த கணக்கு அல்ல. பனி கொட்டும் மாதங்களில் அந்த எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறும்.

பிந்தினால் என்ன நடக்கும்

கிரேட் 4 பிள்ளை ஒன்று, விலங்குகளின் வாழிடம் பற்றிய புரொஜெக்ட்டை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும், கொடுக்கவில்லை. ஆசிரியர் முதலில் காரணம் கேட்பார். விளங்கவில்லையா, நேரம் போதவில்லையா, வீட்டில் ஏதும் பிரச்சினையா, ஆங்கிலம் தடையா? பிறகு வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் குறித்துக் கொடுப்பார், அல்லது வகுப்பிலேயே இருத்தி முடிக்கவைப்பார். உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரலாம். சுவரொட்டியாகச் செய்ய முடியாவிட்டால் வாயால் சொல்லு என்று வேறு வழியும் கொடுக்கலாம். புள்ளி குறைப்பதும் கொள்கை அனுமதிக்கும் வழிதான், ஆனால் கீழ் வகுப்புகளில் அவ்வளவு தூரம் போவது குறைவு. மேல் வகுப்புகளுக்குப் போகப் போக இறுக்கம் கூடும்.

அதற்காக நாட்கெடுவுக்கு மதிப்பில்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளக்கூடாது. கடைசிவரை ஒன்றும் கொடுக்காவிட்டால், எதை வைத்துப் புள்ளி போடுவது என்று ஆசிரியர் கையில் ஒன்றுமில்லாமல் போகும். பிந்தப்போகிறது என்று தெரிந்தால் முதல்நாளே இரண்டு வரி எழுதிப் போடுங்கள்: பிள்ளைக்குச் சுகமில்லை, திங்கட்கிழமை தரலாமா? கெஞ்ச வேண்டாம், நீண்ட விளக்கமும் வேண்டாம்.

இன்னொன்று. அப்பா இரவிரவாக இருந்து வெட்டி ஒட்டி நிறம் தீட்டிய அழகான புரொஜெக்ட்டால் புள்ளி கூடாது. எழுதிக் கொடுத்ததோடு, வகுப்பில் தான் கண்டதையும் பிள்ளையோடு பேசியதையும் சேர்த்துத்தான் ஆசிரியர் முடிவெடுக்கிறார். “இந்த மிருகம் குளிர்காலத்தில் எங்கே போகும்?” என்று கேட்கும்போது பிள்ளை முழித்தால் விடயம் வெளியே வந்துவிடும்.

இரண்டாவது வாய்ப்பு

எங்களுக்குப் பழக்கமான முறையில் எல்லாப் பரீட்சைப் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். இங்கே ஆசிரியர் பார்ப்பது, பிள்ளை பெரும்பாலும் எந்த நிலையில் நிற்கிறது, அதிலும் அண்மையில் எப்படிச் செய்கிறது என்பதை. நவம்பரில் பின்னம் விளங்காமல் லெவல் 1 எடுத்த பிள்ளை, ஜனவரியில் திரும்பத் திரும்ப லெவல் 3 வேலை செய்து காட்டினால், இரண்டையும் கூட்டி வகுத்து லெவல் 2 என்று கட்டாயமாக இறக்க வேண்டியதில்லை. இப்போது தெரிகிறது அல்லவா, அதற்குத்தான் கூடிய மதிப்பு. ஆரம்பத்தில் மொழி தெரியாமல் தடுமாறும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நியாயமான முறை கிடைக்காது.

ஆனால் இது ஆசிரியரின் தொழில்முறைத் தீர்மானம். ஒவ்வொரு சோதனையையும் மறுபடி எழுதலாம் என்ற உரிமை எங்கேயும் எழுதப்படவில்லை. ஏ மைனஸை ஏ ஆக்க இன்னொரு வாய்ப்புக் கேட்டு நிற்காதீர்கள். பிள்ளைக்கு விளங்காத இடம் ஒன்று இருந்து, அதைப் பிறகு படித்துவிட்டது என்றால், “இதை உங்களுக்குச் செய்து காட்ட இன்னொரு வழி இருக்கிறதா, மிஸ்?” என்று பிள்ளையையே கேட்கப் பழக்குங்கள். பெற்றோர் கேட்பதைவிட அதற்குப் பலன் அதிகம். ரூப்ரிக் என்று ஒரு தாள் புரொஜெக்ட்டோடு வந்திருக்கும். நான்கு நிலைக்கும் நான்கு கட்டம், ஒவ்வொன்றிலும் அந்த நிலைக்கு என்ன வேண்டும் என்று எழுதியிருக்கும். வேலை தொடங்க முன்பே அதில் லெவல் 3, லெவல் 4 கட்டங்களைப் பிள்ளையோடு இருந்து வாசித்தால் இரண்டாவது வாய்ப்புக்குத் தேவையே குறையும்.

புதிதாக வந்த பிள்ளைக்கு

பாதி வருடத்தில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு ஐ (I) என்று வரலாம். புள்ளி போடப் போதிய ஆதாரம் இன்னும் இல்லை என்பதுதான் அது, தோல்வி இல்லை. ஈ.எஸ்.எல். என்ற கட்டத்தில் அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு ஏற்ப மாற்றிய எதிர்பார்ப்புகளை வைத்து அந்தப் பாடத்துக்குப் புள்ளி போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தோடு வரும் ஏ-யும் இல்லாமல் வரும் ஏ-யும் ஒன்றல்ல. எப்போது அந்த மாற்றத்தைக் குறைப்பீர்கள் என்று ஆசிரியரைக் கேளுங்கள். நல்ல கேள்வி அது.

கிரேட் 3, கிரேட் 6இல் நடக்கும் மாகாணப் பரீட்சைக்கு ஈகியூஏஓ என்று பெயர். வாசிப்பு, எழுத்து, கணிதம். அது ரிப்போர்ட் கார்ட் புள்ளியில் சேராது. இலங்கையின் புலமைப்பரிசில் பரீட்சைபோல நினைத்து டியூசனுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

பெற்றோர் சந்திப்புக்குக் கொஞ்ச நேரம்தான் தருவார்கள். “எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறான்” என்ற பதிலோடு நேரம் முடிந்துவிடும். இந்தப் பாடத்தில் அடுத்த நிலைக்குப் போக எது குறைகிறது, கொடுக்காத வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா, வீட்டில் எதைச் செய்யலாம் என்று குறிப்பாகக் கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமென்றால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்; தனக்குப் பாதகமான வரிகளை அது விழுங்கிவிடும். பல பள்ளிகளுக்குப் புதிதாக வந்தோருக்கு உதவும் குடியமர்வு ஊழியர்களும் வருவார்கள்.

ரிப்போர்ட் கார்டின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டிய பகுதி இருக்கும். ஆசிரியரோடு பேச விரும்பினால் அதிலேயே குறிக்கலாம். மிச்சப் பக்கங்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வீடு மாறி வேறு பள்ளிக்குப் போகும்போது கையில் ஒரு பிரதி இருந்தால் புது ஆசிரியரோடு பேச்சைத் தொடங்குவது சுலபம்.