சூரத்துக்குப் பணம் கட்டும் முன் சப்ளையரைச் சரிபார்ப்பது எப்படி

தீபாவளிக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர்களுக்கும் வீட்டிலிருந்தே சேலை விற்கும் பெண்களுக்கும் வாட்சாப்பில் குஜராத்தின் சூரத் நகரிலிருந்து சேலைச் சரக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். அனுப்புகிறவர்களில் பலர் நாணயமான வியாபாரிகள். ஆனால் அவர்களுடைய படங்களையே திருடி, அவர்களுடைய கடைப்பெயரையே போட்டுக்கொண்டு முன்பணம் கேட்கிறவர்களும் உண்டு. படத்தையும் பேச்சையும் வைத்து யார் யார் என்று சொல்ல முடியாது. பதிவு எண்ணும் வங்கிக் கணக்கும்தான் காட்டிக்கொடுக்கும்.

முதலில் ஜி.எஸ்.டி. எண்ணை, அதாவது இந்தியாவின் சரக்கு-சேவை வரிப் பதிவு எண்ணைக் கேளுங்கள். சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினால் அதிலிருந்து எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் எதற்கும் ஆதாரமில்லை. பெயரை மாற்றி ஒட்டுவது சில நிமிட வேலை.

எண்ணில் 15 இடங்கள் இருக்கும். முதல் இரண்டும் மாநிலம்: குஜராத் 24, மகாராஷ்டிரா 27, தமிழ்நாடு 33. சூரத் கடை என்கிறவரின் எண் 07இல் தொடங்கினால் அது டில்லிப் பதிவு; ஏன் என்று கேளுங்கள். அடுத்த 10 இடங்கள் அவருடைய பான் எண், அதாவது இந்திய வருமான வரிக் கணக்கு எண். அதன் நான்காவது எழுத்து, அதாவது முழு எண்ணில் ஆறாவது, எந்த வகை நிறுவனம் என்று சொல்லும். 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் கூட்டு வியாபாரம், 'பி' என்றால் தனிநபர். இன்வாய்ஸில் 'பிரைவேட் லிமிடெட்' என்று போட்டிருந்து, அந்த இடத்தில் 'பி' இருந்தால் ஏதோ ஒன்று பொய்.

அடுத்து இந்திய அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். லாகின் தேவையில்லை. பெயர், கடைப்பெயர், முகவரி, பதிவான தேதி எல்லாம் வரும். நிலை 'ஆக்டிவ்' என்று இருக்க வேண்டும். 'கேன்சல்டு' அல்லது 'சஸ்பெண்டட்' என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலை 1 என்பதால் பழைய கடைகள் பலவற்றின் பதிவுத் தேதி அதுவாகவே இருக்கும். முப்பது வருடக் கடை என்பவர் போன மாதம்தான் பதிந்திருக்கிறார் என்றால் காரணம் கேட்க வேண்டும். மகன் பெயருக்கு மாற்றியிருக்கலாம். உண்மையானவர் தயங்காமல் சொல்வார். வரித் தாக்கல் பட்டியலையும் திறந்து பாருங்கள். பல மாதங்களாகத் தாக்கலே இல்லையென்றால் அந்தக் கடை ஓடுகிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

வியாபாரத்துக்காக ஏற்றுமதி செய்ய 'ஐ.இ.சி.' என்ற ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண் வேண்டும். ஜி.எஸ்.டி. வந்தபின் கொடுக்கப்பட்ட ஐ.இ.சி. எண்ணும் பான் எண்ணும் ஒன்றே. பழையவர்களிடம் தனி 10 இலக்க எண் இருக்கும். இந்திய வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் தளத்தில் அதைப் பார்க்கலாம். ஏற்றுமதிக்கு இந்தியாவில் ஜி.எஸ்.டி. சுழிய விகிதம்தான். ஆகவே பணம் கட்டியபின் 'ஜி.எஸ்.டி. கிளியரன்ஸ் கட்டணம்' என்று யாராவது கேட்டால், அது மோசடி.

சீனச் சரக்கு என்றால் 18 இடங்கள் கொண்ட நிறுவன எண்ணையும் சீன மொழிப் பெயரையும் கேட்டு வாங்கி, அந்நாட்டு அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் பாருங்கள். ஆங்கிலப் பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம்.

வங்கிக் கணக்கு

இத்தனையும் சரியாக இருந்தாலும், நிஜக் கடையின் எண்ணை இன்னொருவர் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவர் மாட்டுவது இங்கேதான், ஏனென்றால் பணம் அவருக்கு வந்தாக வேண்டும். பதிவில் உள்ள பெயர், இன்வாய்ஸில் உள்ள பெயர், கணக்கின் பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'என் மைத்துனர் கணக்கு', 'ஆடிட்டரின் கணக்கு' எதையும் ஏற்காதீர்கள்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தேவைப்படும் வங்கிக் குறியீடான ஸ்விஃப்ட் கோட் 8 அல்லது 11 இடங்கள். ஐந்தாவது, ஆறாவது எழுத்துகள் நாடு: இந்தியா என்றால் 'ஐ-என்', ஹாங்காங் என்றால் 'எச்-கே'. சூரத் வியாபாரிக்கு ஹாங்காங் கணக்கு எதற்கு? இந்திய வங்கிக் கிளையின் குறியீடான ஐ.எஃப்.எஸ்.சி. கோட் 11 இடங்கள். முதல் நான்கு வங்கி, ஐந்தாவது எப்போதும் சுழியம், மீதி கிளை. கிளை எந்த ஊர் என்று தேடிப் பார்த்து, கடை முகவரியோடு ஒப்பிடுங்கள். பெயர் பொருந்துகிறதா என்று வங்கியே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

வருடக்கணக்காக வாங்கும் சப்ளையரிடமும் இது நடக்கும்: "பழைய கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் 'எம்' போலவே தெரியும். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

கடை, சாம்பிள், சரக்கு

வீடியோ அழைப்பைக் கடைக்கு வெளியே, பெயர்ப்பலகையும் கடை எண்ணும் தெரியும் இடத்தில் தொடங்கச் சொல்லுங்கள். அழைப்பைத் துண்டிக்காமல் அப்படியே உள்ளே நடந்து வந்து, நீங்கள் கேட்ட சேலையை எடுத்துக் காட்டட்டும். படத்தைத் திருடியவரால் இது முடியாது.

சாம்பிள் வந்ததும் அளந்து பாருங்கள். வழக்கமாக உடல் 5.5 மீட்டர், பிளவுஸ் துணி 80 செ.மீ. பட்டு என்று விற்றால் ஓர இழையை உருவி எரித்துப் பாருங்கள்: பட்டு முடி கருகும் வாடை அடித்துப் பொடியாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். ஒரு துண்டை வெட்டித் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சரக்கு தரம் குறைந்து வந்தால் ஒப்பிட வேறு எதுவும் இருக்காது.

முதல் ஆர்டரைச் சிறியதாகவே வையுங்கள். ஆனால் அது ஒழுங்காக வந்துவிட்டது என்பதற்காக இரண்டாவதில் முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டிவிடாதீர்கள். முதலில் நம்பிக்கை ஊட்டி, இரண்டாவதில் பெரிய தொகையோடு மறைவது பழைய தந்திரம். 30 விழுக்காடு முன்பணம், மீதி சரக்கு ஏறிய ஆவணம் வந்தபின் என்று பேசுங்கள்.

அந்த ஆவணத்தையும் சரிபாருங்கள். விமானச் சரக்குக்குக் கொடுக்கப்படும் ரசீதான ஏர்வேபில்லின் எண் 11 இலக்கம். முதல் மூன்றும் விமான நிறுவனம், ஏர் இந்தியா 098, மலேசியா ஏர்லைன்ஸ் 232. கப்பலில் கண்டெய்னர் எண் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். இரண்டையும் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் தேடலாம். சப்ளையர் அனுப்பும் 'டிராக்கிங் லிங்க்' வேண்டாம். போலித் தளமும் சரக்கு நகர்வதாகவே காட்டும்.

மலேசியாவிலேயே ஒரு ஏஜண்டின் கணக்கில் கட்டச் சொன்னால், மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடுங்கள். புகார் எதுவும் இல்லை என்று வந்தால், இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவையும், மலேசியாவின் தேசிய மோசடி உதவி மையத்தின் எண்ணான 997ஐயும் அழையுங்கள். வெளிநாட்டுக் கணக்கில் சேர்ந்தபின் திரும்ப வாங்குவது மிகக் கடினம் என்பதால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. பிறகு போலீஸ் புகார். வாட்சாப் உரையாடல், இன்வாய்ஸ், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காமல் கொண்டுபோங்கள்.