பீதித் தாக்கு உள்ளவரிடம் நிர்வாகம் பணித்தகுதிச் சான்று கேட்டால்

நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைகால் நடுங்கும் பீதித் தாக்கு பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுத் தணியத் தொடங்கிவிடும் என்றாலும், அதைப் பணியிடத்தில் பார்த்த நிர்வாகம் மருத்துவரிடம் பணித்தகுதிச் சான்று வாங்கிவரச் சொல்வதுண்டு. அதை உடனே பணிநீக்கத்தின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வாய்மொழியாகக் கேட்டதற்கு வாய்மொழியாகவே தலையாட்டிவிடவும் கூடாது. எந்தப் பணிக்காக, என்ன காரணத்தால், எந்தத் தேதிக்குள் சான்று தேவை என்பதை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது அந்த மின்னஞ்சலோடு உங்கள் அன்றாட வேலைகளின் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். வேலையின் தன்மையை அறியாத மருத்துவர் ‘ஓய்வு தேவை’ என ஒற்றை வரியில் எழுதிவிடக்கூடும்; அந்த வரி சிக்கலைத்தான் கூட்டும். ‘இப்பணிகளைச் செய்யத் தகுதியுடையவர், தாக்கு வரும்போது 15 நிமிட இடைவேளை அளிக்கவும், 2 மாதங்களுக்கு இரவுப்பணி வேண்டாம்’ என்பதுபோல, செய்யக்கூடியதையும் தேவைப்படும் மாற்றத்தையும் சொல்லும் சான்றே பயன்படும். மருந்து விவரங்கள் பெரும்பாலும் அதில் தேவைப்படாது.

உங்கள் மருத்துவக் கோப்பு முழுவதையும் திறந்துவிடும் ஒப்புதல் படிவத்தை நிர்வாகம் நீட்டினால், இச்சான்றுக்குரிய தகவல் மட்டும் என அதைச் சுருக்கித் தரும்படி, கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். வாகனம் ஓட்டுதல், உயரத்தில் நின்று வேலைசெய்தல் போன்றவற்றில் அறிகுறிகளை மறைப்பது உயிருக்கே ஆபத்து என்பதால், அவற்றை மருத்துவரிடம் முழுமையாகக் கூறித் தற்காலிக மாற்றுப்பணியைக் கோருங்கள்.