பழைய எம்.டி.பி. சைக்கிள்: 6,000 ரூபாய் வண்டி, 4,700 ரூபாய் வேலை

சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகவே பழைய மலை சைக்கிள் ஒன்றை வாங்கினேன். கல்லூரிப் பையன் ஒருவன் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு மாடிப்படிக்கு அடியில் போட்டு வைத்திருந்த வண்டி. ஸ்டீல் ஃபிரேம், 26 இஞ்ச் சக்கரம், முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று 21 கியர், ரிம்மை இரு பக்கமும் கட்டையால் அழுத்திப் பிடிக்கும் வி-பிரேக். விலை 6,000 ரூபாய். அதற்கு மேல் நான்கு மாதத்தில் 4,700 ரூபாய் செலவழித்தேன். எந்தச் சாமானையும் அளவு பார்க்காமல் வாங்கவில்லை. அந்தப் பழக்கத்தால்தான் செலவு இதோடு நின்றது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் சேரும் வெல்டிங்கை விரலால் தடவிப் பாருங்கள். முடி கனத்தில் விரிசல் தெரிந்தாலும் வாங்கக் கூடாது. சீட் குழாயைத் தளர்த்தி மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். துருப்பிடித்து இறுகிப்போயிருந்தால் உங்கள் உயரத்துக்கு வைக்கவே முடியாது. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, இரண்டு பிரேக் கட்டைக்கும் நடுவே ரிம் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் கோட்டம் எடுத்துவிடலாம். அதற்கு மேல் போனால் விலையில் குறைத்துக் கேளுங்கள்.

முதல் செலவு பிரேக்குக்குத்தான். முதல் தடவை ஏற்காட்டிலிருந்து இறங்கியபோது, பாதி வளைவுகள் தாண்டுவதற்குள் முன் பிரேக்கில் இரும்பை அரத்தால் ராவுவது போலச் சத்தம் வந்தது. நிறுத்திப் பார்த்தேன். ரப்பர் தேய்ந்து உள்ளிருந்த தகடு ரிம்மில் உரசிக்கொண்டிருந்தது. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. மீதி தூரம் முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

வி-பிரேக் கட்டை இரண்டு ஜோடி 350 ரூபாய் ஆனது. மாட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. ரிம்மின் பக்கவாட்டை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். கட்டை முழுக்க ரிம்மில் படிய வேண்டும். மேலே ஏறினால் டயரை அறுக்கும், கீழே இறங்கினால் சக்கரக் கம்பிப் பக்கம் வழுக்கும். கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே விசிட்டிங் கார்டு ஒன்றை மடித்து வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நட்டை முறுக்குங்கள். கார்டை எடுத்ததும் முன்முனை முதலில் படும்படி நிற்கும். கீச்சென்ற சத்தம் வராது.

கூடவே நான்கு கேபிளும் மேலுறையும் மாற்றினேன், 600 ரூபாய். கியர் கேபிளும் பிரேக் கேபிளும் ஒன்றல்ல. கியர் கம்பி மெல்லியது, 1.2 மில்லிமீட்டர். பிரேக் கம்பி அதைவிடக் கனம். மேலுறைக்குள்ளும் வித்தியாசம் உண்டு: பிரேக் உறையில் கம்பி சுருளாக ஓடும், கியர் உறையில் நீளவாக்கில் நேராக ஓடும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்தம் தாங்காமல் பிய்ந்துவிடலாம். கடையில் எது கையில் கிடைக்கிறதோ அதை மாட்டிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடுத்தது செயின். பட்டறையில் இருக்கும் ஸ்டீல் ஸ்கேலே போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 24 பின் எண்ணுங்கள். புது செயினில் 24-வது பின்னின் நடு சரியாக 12 இஞ்சில், அதாவது 304.8 மில்லிமீட்டரில் நிற்கும். 306.5 வரை வந்துவிட்டால் மாற்றும் நேரம். என் செயின் 308-ஐத் தொட்டிருந்தது. அந்த அளவுக்கு நீண்ட செயின் பற்களையும் தின்றிருக்கும். புது செயினை மட்டும் போட்டால் ஏற்றத்தில் மிதிக்கும்போது பல் தாவும். அதனால் பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான ஃப்ரீவீலையும் சேர்த்தே மாற்றினேன்.

இங்கேதான் ஏற்காட்டுக்கான லாபம் கிடைத்தது. பழைய ஃப்ரீவீலில் பெரிய பல்சக்கரம் 28 பல். முன்னால் சிறியதும் 28. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, ஏறக்குறைய 2.05 மீட்டர். புதிதாக 14-லிருந்து 34 பல் வரை உள்ள ஏழு கியர் ஃப்ரீவீல் வாங்கினேன், 550 ரூபாய். இப்போது அதே ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர்தான் நகரும். மூச்சு வாங்கி இறங்கித் தள்ளிய வளைவுகளை இப்போது உட்கார்ந்தபடியே ஏறுகிறேன். வாங்கும் முன் உங்கள் பின் டிரெய்லர் (கியர் மாற்றும்போது செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கருவி) 34 பல் ஏற்குமா என்று மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் இருப்பது திருகி ஏற்றும் ஃப்ரீவீலா, திருகாமல் செருகி ஏற்றும் கேசட்டா என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று உட்காராது.

ஃப்ரீவீலைக் கழற்ற 12 பல் உள்ள ரிமூவர் வேண்டும். ஸ்பேனர் போட்டு மல்லுக்கட்டாதீர்கள். ரிமூவரை பெஞ்ச் வைஸில் இறுக்கி, அதன் மேல் சக்கரத்தைக் கவிழ்த்து, ரிம்மை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் சுற்றுங்கள். சக்கரமே நீளமான நெம்புகோல் ஆகிவிடும், ‘டக்’கென்று விட்டுவிடும். புதியதை ஏற்றும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

செயின் 600 ரூபாய். நீளத்தைப் பழைய செயினை வைத்து அளக்காதீர்கள், இப்போது பின்பல் பெரிதாகிவிட்டது. டிரெய்லருக்குள் விடாமல், முன் பெரிய பல், பின் பெரிய பல் இரண்டையும் சுற்றிப் பிடித்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி சேர்த்து வெட்டுங்கள். எண்ணெய் விஷயத்தில் ஒரு வேண்டுகோள்: பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றவே கூடாது. புழுதியைப் பிடித்துக்கொண்டு, பட்டறையில் நாங்கள் வைத்திருக்கும் அரைக்கும் பசை மாதிரி வேலை செய்யும். செயினுக்கென்றே விற்கும் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்தால் போதும்.

டயர் இரண்டும் 1,500, டியூப் 300. பட்டன் பட்டனாக இருக்கும் டயர் தார் ரோட்டில் காலைத்தான் சோர்வாக்கும். நடுவில் வழவழப்பும் ஓரத்தில் பல்லும் உள்ள 26 x 1.95 எடுத்தேன். 26 x 1 3/8 என்று பின்னத்தில் எழுதியதும் 26 இஞ்சுதானே என்று வாங்கிவிடாதீர்கள், அது வேறு ரிம்முக்கானது. டயர் ஓரத்தில் 559 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள், இந்த ரிம்முக்கு அதுதான் கணக்கு. நான் 68 கிலோ. முன்னால் 35, பின்னால் 40 காற்று வைக்கிறேன்.

மிதிக்கும்போது கடகடவென்று கேட்டதற்கு பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு சுழலும் இடத்தின் பால்ரஸ் தேய்ந்ததுதான் காரணம். சீல் வைத்த ஒன்றை 500-க்கு வாங்கி, கடையில் 300 கூலி கொடுத்து மாட்டினேன். பழைய அச்சின் நீளத்தை அளந்து கொண்டுபோங்கள். நீங்களே கழற்றுவதானால், செயின் பக்கத்து மரை தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இடது பெடலும் அப்படித்தான்.

முன் ஃபோர்க்கை மாற்றவில்லை. உருப்படியான சஸ்பென்ஷன் ஃபோர்க் ஒன்றின் விலை நான் வாங்கிய வண்டியின் விலையைத் தாண்டும். இருப்பதைத் துடைத்து கிரீஸ் வைத்தேன், தார் ரோட்டுக்கு அது போதுமானது. சீட் உயரத்துக்குச் செலவே இல்லை: குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் முழங்கால் நேராக வேண்டும். ஆனால் சீட் குழாயில் போட்டிருக்கும் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது.

எல்லாம் முடிந்து முதல் 50 கிலோமீட்டர் ஓட்டியதும் ஒரு தடவை ஸ்பேனரை எடுங்கள். புதுக் கேபிள் கொஞ்சம் இளகியிருக்கும். பின் டிரெய்லரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகியைக் கால் சுற்று கால் சுற்றாக இடப்பக்கம் திருப்பினால் கியர் மறுபடி சரியாக விழும். பெடல் தண்டுகளை அச்சோடு பிடித்திருக்கும் இரண்டு கிராங்க் போல்ட்டையும் அப்போதே இறுக்கிவிடுங்கள், முக்கியமாக இடது பக்கத்தை.