மெஷ் முதல் வண்ணப்படம் வரை: ஃபைனைட் எலிமென்ட் பகுப்பாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1991 ஆகஸ்ட் 23 அன்று, நார்வேயின் ஸ்டவாங்கர் நகருக்கு அருகே, ஸ்லெய்ப்னர் ஏ என்ற எண்ணெய்-எரிவாயுக் கடல்மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனைக்காக நீரில் அமிழ்த்தப்பட்டபோது, அறைச்சுவர் ஒன்று உடைந்து முழுக் கட்டமைப்பும் மூழ்கியது. அதன் வலிமையைக் கணக்கிட்டது ஃபைனைட் எலிமென்ட் முறையில்: கட்டமைப்பை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடுவது; அத்துண்டுகளின் வலைதான் மெஷ். சுவர்கள் கூடும் இடத்தில் மெஷ் பரும்படியாக அமைந்திருந்ததால், அங்கே வெட்டுவிசை (பொருளை அறுத்து நகர்த்த முயலும் விசை) ஏறக்குறைய 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. கம்பி கட்டிய விதத்திலும் குறை இருந்தது. பின்னர் கவனமாகச் செய்த பகுப்பாய்வு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். முறை சரியானதுதான், அதற்குக் கொடுத்த தயாரிப்புதான் போதவில்லை.

ஆகவே மெஷ்ஷை ஒருமுறை அமைத்ததோடு நிறுத்தாமல், தகைவு (பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் எழும் விசை) வேகமாக மாறும் இடங்களில் நுணுக்கி மீண்டும் ஓட்டி, விடை நிலைபெறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் வளைவே இல்லாத கூரிய உள்மூலையில், நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும். மாதிரியை எளிமையாக்குவதாக எண்ணி அங்கிருந்த சிறு வளைவை நீக்கிவிட்டு, பிறகு அந்த எண்ணை நம்புவது மிகப் பரவலான தவறு. நான்கு நோட் (மூலைப்புள்ளி) மட்டும் கொண்ட டெட்ரா (நான்முக வடிவ) எலிமென்ட்டுகளை வளையும் பாகங்களுக்குப் பயன்படுத்தினால், பாகம் உள்ளதைவிட விறைப்பாகத் தோன்றும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

பல மென்பொருள்கள் அலகுகளைச் சரிபார்ப்பதில்லை. நீளம் மில்லிமீட்டரிலும் விசை நியூட்டனிலும் இருந்தால், நிறை டன்னில் இருக்க வேண்டும். அப்போது எஃகின் அடர்த்தி 7.85×10⁻⁹. பழக்கத்தில் கிலோகிராமில் 7.85×10⁻⁶ என்று இட்டால், நிறை ஆயிரம் மடங்காகி, இயல்பு அதிர்வெண் ஏறக்குறைய 32 மடங்கு குறைந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது.

கணக்கு முடிந்ததும் எல்லோர் கண்ணும் தகைவை நிறங்களால் காட்டும் வண்ணப்படத்துக்குத்தான் போகிறது. அதற்கு முன், தாங்கிகளின் எதிர்விசைகளைக் கூட்டி, கொடுத்த பளுவுக்குச் சமமாக உள்ளதா என்று பார்ப்பதை நான் ஒருபோதும் விடக்கூடாத வேலையாகக் கருதுகிறேன். உருமாற்றம் பெரும்பாலும் பல மடங்கு பெரிதாக்கியே காட்டப்படும் என்பதால், அந்த மடங்கைப் படித்த பிறகே வளைவை மதிப்பிட வேண்டும். அடுத்தடுத்த எலிமென்ட்டுகளின் தகைவைச் சராசரியாக்கிய படம் வழவழப்பாகத் தெரியும். சராசரியாக்காத படத்தில் எல்லைதோறும் தாவல்கள் இருந்தால், அவ்விடத்தில் மெஷ் போதவில்லை. வார்ப்பிரும்பு, கான்கிரீட் போன்ற நொறுங்கும் பொருள்களுக்கு வான் மிசஸ் தகைவை (பல திசைத் தகைவுகளை ஒரே எண்ணாக்கும் அளவு) வைத்து முடிவெடுக்காமல், முதன்மை இழுதகைவை (அவ்விடத்தில் இழுக்கும் தகைவின் உச்சம்) பார்க்க வேண்டும்.