வற்றிய குளத்தில் ஓரியன்டீரிங்: ஒரு வாரப் பயிற்சியும் பாதை அமைப்பும்

வாரம் நான்கைந்து நாள் ஓடுகிறவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு ஒரு கட்டத்தில் சலித்துப்போகும். வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு கொடி கட்டிக் குறித்த இடங்களை ('கன்ட்ரோல்') வரிசையாகத் தேடி ஓடும் ஓரியன்டீரிங் அப்போது புது உயிர் கொடுக்கும். அதற்குக் காடு வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமோ கங்கைகொண்டான் மான் சரணாலயமோ இதற்கான இடமே இல்லை. கோடையில் வற்றிக் கிடக்கும் நம் குளங்கள் போதும். கரை, மடை, மறுகால், ஓடை, தனிப்பனை என்று அடையாளங்களுக்குப் பஞ்சமில்லை.

1. வாரத்தை ஞாயிறிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

ஞாயிறு காலை பாதை ஓட்டம். சனி கொடி கட்டும் நடை, அதுவே அன்றைய லேசான பயிற்சி. வெள்ளி ஓய்வு. வியாழன் மாலை வரைபட வேலை. புதன் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் 5 கி.மீ. செவ்வாய் மைதானத்தில் 400 மீட்டர் வேக ஓட்டம், ஆறு முறை. திங்கள் ஓய்வு. ரெட்டியார்பட்டி மலைப் பக்கம் ஏற்றம் ஓட ஆசைப்பட்டால் புதனை மாற்றிக்கொள்ளலாம். வெள்ளியன்று வேண்டாம், ஞாயிறு கால் வராது.

2. வரைபடம்

வரைபடம் வரையும் மென்பொருளான ஓபன்ஓரியன்டீரிங் மேப்பர் இலவசம், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். குளத்தில் நடந்தபடியே வரையலாம் என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். 1:10,000 அளவு வையுங்கள். 1 செ.மீ. என்றால் 100 மீட்டர், மனக்கணக்குக்கு எளிது. பாதை போட 'பர்ப்பிள் பென்' என்ற மென்பொருள். தொடக்க முக்கோணம், கன்ட்ரோல் வட்டம், முடிவின் இரட்டை வட்டம் எல்லாவற்றையும் அதுவே வரைந்துவிடும்.

3. காம்பஸ்: இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்

பூமியின் காந்த நடுக்கோடு (காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் கோடு) நெல்லைக்கு மிகப் பக்கத்தில் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம். ஐரோப்பாவில் ஊசியின் வடமுனை தரையை நோக்கிச் சாயும். அதைச் சமன்செய்ய அங்கே விற்கும் காம்பஸில் தென்பக்கத்துக்கு எடை கூட்டியிருப்பார்கள். நம் ஊரில் சாய்வு ஏறக்குறைய இல்லை. எடை கூட்டிய பக்கம் இறங்கி ஊசி அடித்தட்டில் உரசும். ஓட்டத்தில் அப்படியே சிக்கிக்கொண்டு பழைய திசையையே காட்டும். என் முதல் காம்பஸ் இந்த ரகம்தான். மறுகாலைக் குறிவைத்துப் போனால் மடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஊசியின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வாங்கும்போது சமதளத்தில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். ஊசி கிடைமட்டமாக நிற்க வேண்டும், மெதுவாகத் திருப்பினாலும் தங்காமல் சுற்ற வேண்டும். 'குளோபல் நீடில்' என்று போட்டது எந்த ஊருக்கும் ஒத்துவரும். விலை கூடுதல்தான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கட்டைவிரலில் மாட்டும் வகை ஓடுகிறவர்களுக்கு வசதி. கையில் இருப்பது உரசுகிற ரகம் என்றால், நின்று, ஊசி விடுபடும் வரை லேசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

4. பாதை

கன்ட்ரோல் எங்கே என்பதைவிட, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது என்பதுதான் ஆட்டம். முதல் இரண்டையும் கரையோரம் வையுங்கள், புதியவர் கரையைப் பிடித்தே போய்விடுவார். மூன்றாவதில் யோசிக்க விடுங்கள்: மடையிலிருந்து மறுகாலுக்குக் கரையைச் சுற்றிப் போனால் தூரம் அதிகம், வழி நிச்சயம். குளத்தின் குறுக்கே போனால் தூரம் பாதி, ஆனால் உடைமுள்ளும் காம்பஸும்தான் துணை. இப்படி இரண்டு வழிக்கும் நியாயம் இருந்தால் அது நல்ல இடைவெளி.

போன வழியிலேயே திரும்பி வரும்படி ஒரு கன்ட்ரோலை வைக்காதீர்கள், எதிரில் வருகிறவரே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவார். தொடக்கத்துக்கு 3 கி.மீ., எட்டு கன்ட்ரோல் போதும்.

5. சனிக்கிழமை

ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். ஆடு மேய்க்கிற அண்ணாச்சியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், கொடி பத்திரமாக இருக்கும். சுடலைமாடன் பீடத்தில் கொடி கட்டக் கூடாது, பக்கத்துப் பனையில் கட்டலாம். வெள்ளையும் ஆரஞ்சுமாக 30 செ.மீ. சதுரத் துணி, தையல்காரரே தைத்துத் தருவார். அடிப்பாகம் கெட்டியான ஷூ போடுங்கள். மெல்லிய ஷூவில் முள் நேரே பாதத்தில் ஏறும்.

அமைத்தவரே ஓடினால் தேடுவதற்கு ஒன்றுமிருக்காது. நண்பரோடு வாரம் மாற்றி வாரம் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: தூரம் கணக்கோடு ஒத்துவரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஜெராக்ஸ் கடையில் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அச்சிடுகிறார்கள், அதுதான் காரணம். வரைபட ஓரத்தில் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டு, முதல் பிரதியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் மீதியை எடுக்கச் சொல்லுங்கள்.